அப்பாவுக்கு வேலை இல்லை என்று எழுதினாயே

மண்ணூர்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கிஷோருக்கு அம்மா எழுதுவது. வேம்புலியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், அங்கே நீயும் ஸ்வாதியும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் நான் நலம் விசாரித்து முடிக்கும் முன்பே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வருகிறது. காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். ஸ்வாதியின் அப்பா, சம்பந்தி ஞானசேகரன், அங்கே நடக்கும் உங்கள் கல்யாணத்துக்கு வியாழக்கிழமை விமானம் ஏறுகிறார், அவர் பெட்டியில் தாலி, கூரைப்புடவை, மஞ்சள் குங்குமத்தோடு இந்தக் கடிதமும் வரும். நன்றாக ஒட்டித்தான் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்கு இது தெரியாது, தெரிந்தால் எழுத விடமாட்டார்.

முதலில் தாலி விஷயம். மாப்பிள்ளை வீட்டுத் தாலியைப் பெண் வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்தனுப்பிய அம்மா இந்த ஏரியாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து அதன்மேல் நகைப்பெட்டியை வைத்து, ஆட்டோவில் மடியிலேயே பிடித்துக்கொண்டு நானும் அப்பாவும் சென்னீர்குப்பத்துக்கு அவர்கள் ஃப்ளாட்டுக்குப் போனோம். ஞானசேகரன் நல்ல மனுஷன், லிஃப்ட் வாசலுக்கே வந்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் சம்சாரம் கமலம்தான் காபியைக் கொடுத்துக்கொண்டே, உங்க பையன் தங்கமான பையன்ங்க, உங்க செலவெல்லாம் அவரே பாத்துக்கிறாராமே, சாரும் நிம்மதியா ரிட்டயராகி உக்காந்துட்டாராமே, ஸ்வாதி சொன்னா, என்றார்கள். குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, நிஜமாகவே மெச்சிச் சொன்னார்கள், நான் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். அப்பா உடனே ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டினார். காலை ஷிப்டை முடித்துவிட்டு வந்து, நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எண்ணெய் போகவேண்டும் என்று துணி சோப்பைப் போட்டுத் தேய்த்துவிட்டுக் கிளம்பிய மனுஷன் அவர். அப்படியும் போகவில்லை. டம்ளரைப் பிடிக்கும்போது விரலை மடக்கிக்கொண்டார், நான் பார்த்தேன்.

எங்களுக்கு இல்லை என்ற விசா அவர்களுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அதில் ஒரு வித்தையும் இல்லையடா. ஸ்வாதி அவளுடைய அப்பா அம்மாவுக்கு விசாவுக்காக எழுதிக்கொடுத்த கடிதத்தில் உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறாள். அப்பா வேலையில் இருக்கிறார், லீவு போட்டு வருகிறார், சொந்த ஃப்ளாட் இருக்கிறது, டிக்கெட் அவர்களே எடுக்கிறார்கள், கல்யாணம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பவேண்டும், தங்கும் இடமும் சாப்பாடும் நான் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். நீ எழுதிய கடிதத்தை எஸ்டேட் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரவிச்சந்திரன் எங்களுக்குத் தமிழில் படித்துச் சொன்னார். உன் உத்தியோகம், உன் சம்பளம், உன் பேங்க் கணக்கு எல்லாம் சொல்லிவிட்டு, என் தந்தை ஓய்வு பெற்றுவிட்டார், அவருக்கு வேலை எதுவும் இல்லை, என் பெற்றோரை முழுக்க முழுக்க நானே காப்பாற்றி வருகிறேன், இனிமேலும் அவர்கள் என் பொறுப்பு, என்று எழுதியிருந்தாய். கம்பெனி அவரை வயதாகிவிட்டது என்று அனுப்பியது உண்மைதான். அடுத்த வாரமே அபிஷேக் தம்பியின் லேத் பட்டறையில் சேர்ந்து இன்றுவரை நின்றுகொண்டே வேலை செய்கிறாரே, அது உனக்குத் தெரியாதா? தெரியும். பெண் வீட்டில் சொல்ல வெட்கம், அங்கே சொன்ன பொய்யை இங்கேயும் எழுதிவிட்டாய். நீ கடைசியாக எப்போது பணம் அனுப்பினாய் என்று நான் கேட்கமாட்டேன், பிள்ளையிடம் கணக்குப் பார்க்கிறவள் இல்லை நான். ஆனால் காப்பாற்றி வருகிறேன் என்று எழுதக் கை எப்படி வந்தது என்று கேட்பேன்.

எனக்கு அந்த வரியைக் கேட்டதும் கோபம்தான் வந்தது. உன் அப்பாவுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? முகமெல்லாம் பல்லாக, இன்னொருவாட்டி படிப்பா என்று ரவிச்சந்திரனிடம் கேட்டார். அவர் படித்தார். வீட்டுக்கு வரும் வழியில், பாத்தியா நாகவல்லி, பையன் வாயால சொல்லமாட்டான், மன்சுல எல்லாத்தையும் வெச்சிகினு கீறான் பாரு, என்றார். அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். அன்றிலிருந்து மனுஷன் ஆளே மாறிவிட்டார். கல்யாணத்துக்கென்று ஒரு ஜோடி ஷூ வாங்கினார், பிறந்ததிலிருந்து செருப்புக் கால் ஆயிற்றே, கடித்தது. பழகட்டும் என்று அதைப் போட்டுக்கொண்டு அயனம்பாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடந்தார். எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் பையன் கூப்பிட்டிருக்கிறான், இனிமேல் நாங்கள் அவன் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டே நடந்தார். ரவிச்சந்திரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா, இப்படியே தூதரகத்துல போய் நின்னா உங்களுக்கு இங்க எதுவுமே இல்ல, திரும்பி வரமாட்டீங்கன்னு நெனச்சுக்குவாங்க, சார் வேலை பாக்குறாருன்னு லீவு லெட்டர் வாங்கிடுங்க, என்றார். நான் அபிஷேக் தம்பியிடம் போய் வாங்கி வந்தேன், வீட்டு வரி ரசீதையும் எடுத்து வைத்தேன். அப்பாவிடம் காட்டினால், புள்ள ஒண்ணு எழுதிக் குட்த்து நான் ஒண்ணு சொன்னா அவன் பொய்யன்னு ஆவாதா, அவன் உத்தியோகத்துக்கே ஏதாவது ஆயிட்சின்னா, என்று ஒரே பிடியாக நின்றார்.

தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வயசு வெள்ளைக்காரப் பெண், பக்கத்தில் தமிழ் சொல்ல ஒருத்தி. மரியாதையாகத்தான் கேட்டார்கள், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. எதற்குப் போகிறீர்கள் என்றார்கள், மகன் கல்யாணம் என்றார் அப்பா. என்ன வேலை செய்கிறீர்கள் என்றார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் எஸ்டேட் கம்பெனியில் லேத்தில் கடைசல் பிடித்த மனுஷன், முந்தின நாள்கூட ஓவர்டைம் பார்த்தவர், வேலை இல்லைங்க, பையன் வாணாம்னுட்டான், அவன்தான் எங்களுக்கு எல்லாமே, என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். வீடு யாருடையது என்றார்கள். எல்லாம் அவனுதுதாங்க என்றார். செங்கல் செங்கலாகக் கட்டிய வீடு! பையில் லீவு லெட்டர் இருக்கிறது, நான் எடுக்கப் போனேன், மேடைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினார். கல்யாணம் முடிந்து எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டதற்கு, அவன் அனுப்பும்போது வர்றோம்ங்க, அவன் எங்க அனுப்பப்போறான், என்று சிரித்தார் பார், எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரு காகிதத்தையும் வெளியே தள்ளிவிட்டார்கள். வெளியே வந்து மர நிழலில் நின்றபோதுகூட அவர், போவட்டும் வுடு, அவன் பேரு கெடல, என்றுதான் சொன்னார்.

இதெல்லாம் உனக்கு முழுசாகத் தெரியாது. விசா இல்லை, அப்பா லீவு லெட்டரைக் காட்டாமல் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார் என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருந்தேன். போனில் என்ன கத்து கத்தினாய்! வேலைக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்ல என்னப்பா, லெட்டரைக் கையில வெச்சிக்கிட்டு உளறிட்டு வந்திருக்கே, என்றாய். ஸ்பீக்கரில் இருந்தது, நானும் கேட்டேன். நீ எழுதியிருந்தியேப்பா என்று அவர் இழுத்தார். அதற்கு நீ, அது சும்மா விசாவுக்காக எழுதினதுப்பா, அதையெல்லாமா நிஜம்னு எடுத்துப்பாங்க, என்றாய். அத்தோடு நிற்கவில்லை, உன் சினேகிதன் நிர்மலின் அப்பா அம்மா அங்கேயே இருக்கிறார்கள், உங்கள் இடத்தில் அவர்களை நிற்கவைத்துக்கொள்கிறேன், கவலைப்படாதே என்றும் சொன்னாய். பெற்றவர்கள் நிற்கிற இடத்துக்கு அவ்வளவு சுலபத்தில் ஆள் கிடைத்துவிடுகிறதா உங்கள் ஊரில்? அவர் சரிப்பா என்று மட்டும் சொல்லி போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். விசா இல்லை என்றபோது வாடாத முகம் அன்றைக்கு வாடியது. இப்போதெல்லாம் உன் பேச்சை அவராக எடுப்பதில்லை. நான் எடுத்தால், சாப்பாடு போடு என்கிறார்.

போகட்டும், நல்ல காரியம் நடக்கிற நேரம், கசப்பையே எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. தாலியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் சாமி படத்துக்கு முன்னால் வை, மஞ்சள் கயிற்றில் நானே கோத்திருக்கிறேன், பிரிக்காதே. முதல் முடிச்சை நீ நிதானமாகப் போடு, போட்டோக்காரன் சொல்கிறான் என்று அவிழ்த்து அவிழ்த்துக் கட்டாதே. ஸ்வாதி உண்மையைச் சொல்லக் கூச்சப்படாத பெண், அவளிடம் அதைக் கற்றுக்கொள், உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று முதலில் அவளிடமே சொல். நிர்மலின் அப்பா அம்மா காலில் விழு, பெரியவர்கள், தப்பில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் மனசு ஒருவர் அறிந்து, பிள்ளைகுட்டியோடு, நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழவேண்டும், இதை அடிவயிற்றிலிருந்துதான் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் ஞாபகம் வை. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, கடிதத்தை மாற்றி எழுதி அனுப்புகிறேன், மறுபடி அப்ளை பண்ணுங்கள் என்று நேற்று எனக்குச் செய்தி போட்டிருந்தாய். இந்த முறை சரியாகச் சொன்னால் கிடைத்துவிடும் என்று ரவிச்சந்திரனும் சொல்கிறார். அப்பாவிடம் சொன்னேன். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தவர் துண்டை எடுக்காமலே, அவன் எழுதுனது சும்மான்னா, நான் அங்க இன்னான்னு சொல்லிக்கினு போறது, என்று கேட்டார். அதற்குப் பதிலை அவருக்குப் போன் போட்டு நீயே சொல்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
து. நாகவல்லி