காலியாக விடக்கூடாத கட்டம்

மாட்டுங்கா,
29 ஜூன் 2025

அன்புள்ள ஃபர்ஸானாவுக்கு,

வேங்கடசுப்ரமணியன் எழுதுவது. மேலப்பாளையத்தில் நீயும் உன் உம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். முகவரியை உன் வாப்பாவிடம் கேட்டு வாங்கினேன். கொடுக்க அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரியும். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இது ஆபீஸ் கடிதமாகிவிடும். அதில் ஒளிந்துகொள்ள எனக்கு முப்பது வருடப் பழக்கம் இருக்கிறது. ஆகவே உன் உம்மாவை வாசித்துக் காட்டச் சொல். அவருக்கும் புரிய வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன்.

மாலைக் கல்லூரியில் நிகில் சார் நம் இருவரையும் ஒரு ஜோடியாகச் சேர்த்தார். உங்கள் தாராவியில் ஒரு கல்வி அறக்கட்டளைக்கு, பெண் பிள்ளைகள் கல்லூரிக் கட்டண உதவி கேட்டு விண்ணப்பிக்கும் தளம் செய்துகொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பக்கங்கள் உன் பொறுப்பு. பின்னால் விவரங்கள் போய்ச் சேரும் டேட்டாபேஸ் என் பொறுப்பு. அதில் சர்நேம், அதாவது குடும்பப் பெயர், என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கி வைத்திருந்தேன். நீ பார்த்ததும் சிரித்தாய். “அங்கிள், எங்க ஏரியால பாதிப் பேருக்கு சர்நேமே கெடையாது. வாப்பா பேரு இனிஷியலோட முடிஞ்சுது. உங்களுக்கே தெரியும்லா?” என்றாய்.

தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்? 1997இல் ஒரு வங்கியின் அதிகாரித் தேர்வில் தேறினேன். பள்ளிச் சான்றிதழில் சர்நேமாக அப்பா பெயர். பட்டச் சான்றிதழில் யாரோ ‘ஐயர்’ என்று போட்டிருந்தார்கள். “ரெண்டும் ஒரே ஆளா?” என்று சரிபார்த்த குமாஸ்தா பக்கத்து மேஜைக்காரனைப் பார்த்துச் சிரித்தான். அதைச் சரிசெய்துகொண்டு வருவதற்குள் இடம் போய்விட்டது. இருபத்தெட்டு வருடமாக அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ சொன்னபடி அந்தக் கட்டத்தைக் காலியாகவும் விடலாம் என்று மாற்றினோம். மறுநாள் நிகில் சார் வகுப்பில் உன்னைப் பாராட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, “வெங்கட்ஜி, இது உங்களுக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், என் நாற்காலியை ஒரு கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்ட கம்பெனியின் முகத்தில் கரி பூசுவதற்காகப் படிக்க வந்தவன் நான். இருபது வயதுப் பெண்ணிடம் பாடம் கேட்க வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தளத்தைத் திறந்த அன்று மதியம் லேபில் யாரும் இல்லை. நம் இருவருக்கும் பொதுவான பாஸ்வேர்டில் உள்ளே போய் அந்தக் கட்டத்தை மறுபடி கட்டாயமாக்கினேன். உன்னிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் தடுக்கி நிற்பார்கள், உன்னிடம் வந்து முறையிடுவார்கள், அப்போது நான் பேசலாம் என்பது கணக்கு. நான் பட்டதை அவர்களும் படட்டும் என்றும் நினைத்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் யாரும் தடுக்கி நிற்கவில்லை. சர்நேம் போடாதவர்களின் விண்ணப்பத்தை, விவரங்கள் பதிவாகும் டேபிள் ஏற்கவில்லை; பக்கமோ எல்லாருக்கும் ‘நன்றி, உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது’ என்று காட்டியது. பதிவானதா என்று பார்த்துவிட்டுத்தான் நன்றி சொல்ல வேண்டும். அந்தச் சோதனையை நீ எழுதாமல் விட்டாய். இதையும் சொல்லிவிடுகிறேன். முழுக்க நல்லவனாக எழுத எனக்கு வராது. ஆனால் நான் கை வைக்காதிருந்தால் உன் பிழையால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

கடைசித் தேதிக்கு மறுநாள் விண்ணப்பித்தவர்களின் பட்டியல் வந்தது. உங்கள் தெருவிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை. டேபிளில் கை வைத்தது யார் என்று நிகில் சார் கேட்டார். கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில்தான் ஏதோ தவறு என்றேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம், “டேபிள அங்கிள்தான் பாத்தாங்க சார். அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாய்.

அன்றிலிருந்து அந்த வார்த்தை என்னோடு லோக்கல் ரயிலில் வருகிறது. உன் பிராஜெக்டுக்கு மதிப்பெண் இல்லை என்றார்கள். விண்ணப்பம் போகாத பிள்ளைகளின் வீட்டார் உங்கள் வீட்டு வாசலில் வந்து கத்தினார்கள். உன் உம்மா தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போவதை நிறுத்தினார். இருவரும் ஊருக்குப் போனீர்கள். இவ்வளவும் தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

போன மாதம் தாதரில் ஒரு துணிக்கடையில் உன் தோழி ஆஸியா பில் போட்டுக்கொண்டிருந்தாள். காலேஜ் என்ன ஆயிற்று என்று கேட்டேன். “அடுத்த வருஷம் பாக்கலாம் அங்கிள்” என்று சிரித்தாள். வாங்கிய சட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் நான் செய்ததை நிகில் சாரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்து முடித்துவிட்டு அறக்கட்டளைக்குப் போன் போட்டார்.

அறக்கட்டளை ஜூலை கடைசி வரை மறுபடி விண்ணப்பம் வாங்கச் சம்மதித்தது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? பெயரே பதிவாகாதவர்களை எந்த டேபிளில் தேடுவது? உன் வாப்பாவின் பை தைக்கும் பட்டறைக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தி எழுந்து வந்தார். முதல் வீட்டில் செருப்பைக் கழற்றப் போனேன். தடுத்தார். “வாசல்லயே நின்னு சொல்லுங்க சார். உள்ள போய்ச் சொன்னா எவனுக்கும் கேக்காது. எம் பிள்ளைய வாசல்ல நின்னுதான் ஏசுனாங்க” என்றார்.

ஏழு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன்; மூன்றில் முடிந்தது. நாற்பத்து மூன்று வாசல். சிலர் கேட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். ஆஸியாவின் அம்மா பேகம், “அப்போ இம்புட்டு நாளா வாயில என்னத்த சார் வெச்சிருந்தீங்க?” என்றார். முப்பத்தொன்பது பேர் மறுபடி விண்ணப்பித்துவிட்டார்கள். ஆஸியா வரவில்லை. கடைக்குப் போய்க் கேட்டேன். வேலையை விட்டால் மறுபடி கிடைக்காதாம்.

ஜூலை 14, திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு உனக்கு மட்டும் மறு வைவா, வாய்மொழித் தேர்வு. நீ வந்தால்தான் மதிப்பெண். நான் எழுதிக் கொடுத்தது மட்டும் போதாதாம். அந்த அறையில் நான் இருக்க மாட்டேன். படிப்பை நிறுத்திவிட்டேன். தளத்தில் ஒன்றே ஒன்று நீ செய்ய வேண்டியிருக்கிறது, அந்த நன்றி சொல்லும் இடம். அதை நான் தொடவில்லை. உனக்காக இருக்கிறது.

என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை. எனக்கே யாரையும் மன்னித்துப் பழக்கமில்லை. வந்துவிடு, அவ்வளவுதான். நீ நன்றாக வருவாய்.

மெஹராஜ் அம்மா, இதை வாசித்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். ஃபர்ஸானாவால்தான் பிள்ளைகளின் படிப்பு போயிற்று என்ற பேச்சு அங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னார். தயவுசெய்து இன்னொரு முறை, முதலிலிருந்து, வாசலில் உட்கார்ந்து, கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள்.

தலைகுனிந்து,
வேங்கடசுப்ரமணியன்