மந்தாரை இலையில் அரக்குப் பட்டு

அக்கா,

இன்று காலை ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரையில் பறவை பார்க்கிறவர்கள் சிலர் நின்றிருந்தார்கள். அதில் ஒரு பெண், ஆஸ்பத்திரி நர்ஸாம், தன் பைனாகுலரை என் கழுத்தில் மாட்டிவிட்டாள். தோல் வாரின் வியர்வை வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் மொட்டைமாடி நினைவுக்கு வந்துவிட்டது. ஆற்றில் என்ன பறவை இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

எழுபத்திரண்டாம் வருஷ வாக்கில் நம் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் பைனாகுலர் இருந்தது உங்கள் ஒருவரிடம்தான். பட்டாளத்தில் இருந்த உங்கள் தம்பி விட்டுப்போனது. குருவி பார்ப்பது துரைமார் வேலை, இல்லையென்றால் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவர் வேலை என்பது தெருவின் எண்ணம். மூன்று பிள்ளை பெற்று, வீட்டுக்காரரோடு தறியிலும் உட்காருகிற பெண்ணுக்கு அது எதற்கு? "வேலை வெட்டி இல்லியா இவங்களுக்கு" என்று நானும் சிரித்திருக்கிறேன். விடியலில் மொட்டைமாடியில் அரைமணி நேரம், அவ்வளவுதான் நீங்கள் எடுத்துக்கொண்டது.

அப்போது எங்கள் தறியில் ஒரு கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. புது பார்டர். வெளியே தெரிந்தால் இனி வேலை கிடையாது என்று, நம் இரண்டு வீட்டுத் தறிக்கும் பாவு நூல் கொடுக்கிற முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து உங்கள் பைனாகுலர் தினமும் எங்கள் தறி ஜன்னல் இருக்கிற கொல்லைப் பக்கமே திரும்பியிருந்ததைக் கவனித்தேன். டிசைனைத் திருடுகிறீர்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் போய்ச் சொல்ல, சாயங்காலமே முதலாளி நாலு பேரோடு உங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

நீங்கள் மாடியில் வைத்து எழுதிவந்த நோட்டைக் கொடுத்தீர்கள். புடவைக்குப் புட்டா டிசைன் வரைகிற கட்டம் போட்ட தாளில் குருவி குருவியாக வரைந்திருந்தீர்கள். கடைசிப் பக்கத்தில் 'அரக்கு நூல்' என்று எழுதியிருந்தது. எங்கள் பார்டரும் அரக்கு.

"இன்னாம்மா இது?" என்றார் முதலாளி.

"ஒரு குருவியப் பாத்துக்கினு இருக்கறேன். எங்கன்னு இப்ப கேக்காதீங்க. இருபது நாள் போவட்டும், நானே காட்டறேன்."

யார் நம்புவார்கள்? உங்கள் வீட்டுக்குப் பாவு தருவதை அவர் நிறுத்திவிட்டார். தறி சும்மா கிடந்தது. நீங்கள் கடைக்குள் நுழைந்தால் அங்கே பேச்சு நின்றது. அப்போதும் விடியலில் நீங்கள் மாடிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தீர்கள்.

இருபத்திரண்டாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டு, எங்கள் கொல்லை மந்தாரை மரத்தடிக்கே அழைத்துப்போனீர்கள். இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்த ஒரு சின்னக் கூடு. தைத்திருந்த நூல், நான் ஜன்னல் வழியே கூட்டித் தள்ளிய அரக்குப் பட்டுத் துண்டுகள்.

"தையல்சிட்டும்மா. முட்டை வச்சிருந்திச்சி. அன்னிக்கே சொல்லியிருந்தா தெருவே வந்து நின்னிருக்கும், அது கூட்ட விட்டுட்டுப் போயிருக்கும். நேத்துதான் குஞ்சுங்க பறந்துச்சிங்க."

"மொதல்ல முதலாளியத்தானேக்கா கூப்ட்டிருக்கணும்?"

"அவருக்கும் காட்டலாம். நீதான் சொன்னேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பாவம், மனசுல வச்சிக்கினு கஷ்டப்படுவியேன்னு உன்ன மொதல்ல கூப்டேன்."

முதலாளி வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார். மறுநாளே பாவு வந்தது. தெருவில் ஒருவரும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கும் அன்று வாய் வரவில்லை. பக்கத்து வீட்டிலேயே நீங்கள் இருந்த அத்தனை வருடமும் வரவில்லை. இப்போது கேட்கிறேன், அக்கா.