கோயிலுக்கு வேண்டிய நீதிபதி

நோர்பரி, லண்டன்
12.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

கௌரி எழுதுவது. போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம், அண்ணி போனைப் பறித்து வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். நாங்கள் சுகம். நீங்கள் சீனி வருத்தத்துக்கு மருந்தை ஒழுங்காக எடுக்கிறீர்களா?

நேரே விஷயத்துக்கு வருகிறேன். அங்கே அமெரிக்காவில் உங்கள் றிப்பப்ளிக்கன் கட்சி, அகதிகளுக்கு இரங்க மாட்டார் என்று பேப்பர்கள் எழுதும் ஒரு கன்சர்வேட்டிவ் நீதிபதியைச் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஏற்றப் பார்க்கிறதாம். கோயில் தலைவரான நீங்கள் அதற்கு ஆதரவாக அர்ச்சனை வரிசையில் நிற்கும் சனத்திடம் கையெழுத்து வாங்குகிறீர்களாம்.

அண்ணை, எங்கள் தம்பி பிரதாபனின் அகதி வழக்கு அதே நீதிமன்றத்தில்தானே கிடக்கிறது? கீழே எல்லா இடத்திலும் தள்ளிவிட்டார்கள். இதுவும் போனால் அவனைக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே அவனை என்ன செய்தார்கள் என்று அவன் முதுகைப் பார்த்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கடதாசியைக் கிழித்துப் போடுங்கள்.

அன்புத் தங்கை
ஜெயகௌரி


ஒஹையோ
30.03.2025

அன்பான கௌரிக்கு,

சீனி கட்டுக்குள் இருக்கிறது. உன் கடிதத்தை வாசித்த பிறகு பிரஷர்தான் ஏறியது.

நீ லண்டனில் இருந்து பேப்பர் பார்த்துப் பேசுகிறாய். பழைய டயர்க் கடை ஒன்றில் முருகனை வைத்து எத்தனை வருடம் கும்பிட்டோம்! கார் நிறுத்த இடமில்லை என்று நகரசபை கோயில் கட்ட விடவில்லை. டெமோக்கிரட் மேயர் சிரித்துக் கைகொடுத்தாரே தவிர, விரலைக்கூட அசைக்கவில்லை. இந்த நீதிபதிதான் 'வணங்கும் உரிமை சட்டத்தில் எழுதிக் கிடக்கிறது' என்று எங்கள் பக்கம் தீர்த்தார். முருகன் யாரென்றே அவருக்குத் தெரியாது. முகத்தைப் பார்க்காமல் எழுதியிருப்பதைப் பார்த்தார். எனக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். இன்றைக்கு எனக்கு இரங்குகிறவன் நாளைக்கு என் எதிரிக்கும் இரங்குவான்.

அந்த மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதிகள் நிறையப் பேர். ஒரு வழக்குக்கு மூன்று பேரைக் குலுக்கி எடுப்பார்கள். இவர் பிரதாபனுக்கு வந்து வாய்ப்பார் என்று நீ ஏன் நினைக்க வேண்டும்? அவனை நான் கைவிடுவேனா? வக்கீலைப் பிடித்ததே நான்தான்.

அன்புடன்
அண்ணை ஆனந்தராஜா


நோர்பரி, லண்டன்
14.04.2025

அன்புள்ள அண்ணைக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். கோபத்தோடுதான் வாழ்த்துகிறேன்.

இங்கே என் வழக்கு நடந்தபோது என்னிடம் எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை. எல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டது என்று அழுதேன். அந்த நீதிபதி அம்மா தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம்பினார். அதனால்தான் இன்றைக்கு உங்களோடு சண்டை பிடிக்க நான் இருக்கிறேன்.

அந்த இரக்கத்தைத்தான் இங்கேயும் பேப்பர்காரர் இப்போது திட்டுகிறார்கள். என்னைப் போலவே அகதியாக வந்து, ஹவுன்ஸ்லோவில் என்னோடு ஷிப்ட் செய்யும் பிரீத்தா, "ஓம் அக்கா, இப்ப வாறவையைத் திருப்பி அனுப்பத்தான் வேணும்" என்கிறாள். "நீ என்னெண்டு வந்தனி?" என்று கேட்டேன். "அது வேற" என்றாள். எல்லோருக்கும் தன் கதை மட்டும் வேறு கதை.

ஜெயகௌரி


ஒஹையோ
15.09.2025

அன்பான கௌரிக்கு,

சில மாதங்களாக எழுதவில்லை. அந்த நீதிபதி செனட் வாக்கெடுப்பில் தட்டுத்தடுமாறி ஜெயித்துப் பதவி ஏறியதை எழுதினால் நீ ஏசுவாய் என்று விட்டுவிட்டேன். இன்று எழுதாமல் முடியாது. வக்கீல் எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். பிரதாபனின் வழக்குக்கு வந்த மூவரில் அவரும் ஒருவர்.

பயப்படாதே. ஒரு விதத்தில் இது நல்லது. கும்பாபிஷேகத்துக்கு வந்து சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். எங்கள் சனத்தில் அவருக்கு ஒரு பிடிப்பு இருக்கும்.

அண்ணை


நோர்பரி, லண்டன்
24.09.2025

அண்ணைக்கு,

முகம் பார்க்காத ஆள் வேண்டும் என்றீர்கள். இப்போது அவர் முகம் பார்ப்பார் என்று காத்திருக்கிறீர்கள். சிரிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நானும் அதைத்தான் நேர்ந்துகொண்டிருக்கிறேன். அந்த மனுஷன் தீர்ப்பு எழுதும்போது பொங்கலையாவது நினைத்துக்கொள்ளட்டும்.

கௌரி


ஒஹையோ
05.12.2025

கௌரி,

தோற்றுவிட்டோம். இரண்டு பேர் எதிர்த்தார்கள், ஒருவர் எங்கள் பக்கம். எதிர்த்துத் தீர்ப்பை எழுதியவர் நான் கையெழுத்துச் சேர்த்துக் கொடுத்த அவர்தான்.

பிரதாபன் பட்டதை அவர் இல்லை என்று சொல்லவில்லை. மனதை வருத்தும் கதை என்றுகூட எழுதியிருக்கிறார். ஆனால் கீழ் நீதிபதி அவனை நம்பவில்லை, அதை மாற்றச் சட்டம் மேல் நீதிமன்றத்துக்கு இடம் தரவில்லை என்கிறார். திரும்பத் திரும்ப வாசித்துப் பிழை தேடினேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் கேட்ட நீதிபதி நான் கேட்டபடியே இருக்கிறார். எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது.

அவனைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பார்க்கப் போனேன். அந்தக் கையெழுத்து விஷயத்தை எப்படிச் சொல்வதென்று நான் தடுமாற, அவனே சொன்னான்: "எனக்குத் தெரியும் அண்ணை. நானும் போட்டனான். வரிசையில நிக்கேக்க நீங்கள் பேனையை நீட்டினீங்கள். ஆரெண்டு பாக்கேல்லை. அண்ணை கேட்டா மாட்டன் எண்டு சொல்லுவனே?"

கௌரி, நான் அவனைப் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. நான் லண்டனுக்கு வரட்டா?

அண்ணை


நோர்பரி, லண்டன்
11.01.2026

அண்ணைக்கு,

வரவேண்டாம்.

அவனைப் போன வாரம் அனுப்பிவிட்டார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் யாரோ உள்ளே கூட்டிப்போனார்களாம். அவனைக் கூட்டிப்போக வெளியே காத்து நின்ற எங்கள் கொழும்பு றஜீனா மச்சாள், விடிந்த பிறகும் ஆள் வராமல் தனியே வீட்டுக்குத் திரும்பினாள். எங்கே கேட்டாலும் அப்படி ஒருவர் இல்லை என்கிறார்கள்.

நீங்கள் கெட்டவர் என்றால் உங்களை வெறுத்துவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன். நீங்கள் நல்லவர். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அவன் பேனையை வாங்குவதுதான் தெரிகிறது. எனக்குப் போன் எடுத்துப் பேசாதீர்கள். அவனைப் பற்றி ஏதும் தெரிந்தால் எழுதுவேன். எழுதாவிட்டால் ஒன்றும் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெயகௌரி


ஒஹையோ
20.05.2026

அன்பான கௌரிக்கு,

நீ சொன்னபடியே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

நான் வீடு வீடாகப் போய் வாக்குச் சேர்த்துக் கொடுத்த செனட்டருக்கு எழுதினேன். அலுவலகத்திலிருந்து அழகான பதில் வந்தது. உங்கள் தம்பி அமெரிக்கக் குடிமகன் அல்ல, உங்கள் வருத்தத்தை மதிக்கிறோம் என்று. அவர்களிலும் பிழை இல்லை. கோயிலில் ஒருவரும் அவன் பேரை என் முன்னால் எடுப்பதில்லை. அண்ணியும் எடுப்பதில்லை. அவனைப் பற்றிக் கதைக்க எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை.

ஒன்றும் தெரியவில்லை என்பதையே ஒரு வரி எழுது. ஏசியாவது எழுது.

உன்
அண்ணை