ஏரிக்கு இந்தப் பக்கம்

4-11-2008, செவ்வாய்

விடாத தூறல். துணி காயவில்லை. மதியம் கரண்ட் இல்லை, சாயங்காலம் வந்தது.

தீபாவளிக்கு வந்த மைத்துனன் தனசேகர் கொடுத்துவிட்டுப் போன விளையாட்டுப் பெட்டியை இன்று டி.வி.யில் பொருத்தினேன். எந்த ஓட்டையில் எந்த ஒயர் என்று முதலில் காகிதத்தில் வரைந்துகொண்டேன். அப்படியும் சத்தம் மட்டும் வந்தது, படம் வரவில்லை. விசாலம் வந்து ஒயரை ஒரு ஆட்டு ஆட்டினாள். வந்துவிட்டது.

97-இல் அவனே சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த அதே வாள், மந்திரக் கதை. இப்போது மெருகேற்றி மறுபடி விற்கிறார்களாம். அப்போது எல்லாம் ஜப்பான் எழுத்து. ஒன்றும் புரியாமல் ஒரு மழைக்காலம் முழுக்க ஆடினோம். பித்தான் அழுத்துவது நான். படத்தைப் பார்த்து, என்ன நடக்கிறது என்று வி.க்குச் சொல்வதும் நான். வாழ்நாளில் தயங்காமல் பேசியது அப்போது மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

இந்தப் புதியது இங்கிலீஷில். படித்தால் புரிகிறது. அதுதான் கவலை.

கதாநாயகனுக்குப் பெயர் கேட்டது. தன் தம்பி பெயரை வைக்கச் சொன்னாள் வி. எட்டு இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் ஏற்கவில்லை. பாதித் தனசேகரோடு புறப்பட்டோம்.

5-11, புதன்

மழை இல்லை. பால்காரர் வரவில்லை. கடுங்காப்பி.

97-இல் நான் சொன்ன கதையில் இதுவரை தெரியவந்த பிழைகள்:

பன்றிமூஞ்சிக்காரன் வில்லன் இல்லை. ஏழைக் குடியானவன். பார்த்த இடத்திலெல்லாம் அவனை அடித்திருக்கிறோம்.

ராஜா என்று நான் சொன்னவர் அரண்மனைச் சமையல்காரர். தொப்பி உயரமாக இருந்தது.

பழைய தகடு என்று நாங்கள் கடையில் விற்றது தெய்வ வாளில் பாதி.

முதல் இரண்டை மட்டும் வி.யிடம் சொன்னேன்.

"ஐயே, அந்த சமையல்காரன் கால்லியா வுழுந்து கும்புட்டோம்?"

"ஆமா."

"போவட்டும். சோறு போடறவன்தான?"

சாயங்காலம் செல்வி வந்து சேர்ந்தாள். வெள்ளை உடை மருத்துவச்சி. விளையாட்டில் அவளுக்கு வேறு பெயர், எங்களுக்குச் செல்வி. வி. வைத்த பெயர். அப்போது முழுக்கக் கட்டங்களால் ஆனவள், முகத்துக்கு மொத்தமே நாலைந்து கட்டம். இப்போது கண் இமைக்கிறாள், காற்றில் முடி பறக்கிறது. வி. டி.வி.க்கு வெகு அருகில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாங்க, எளச்சிப் போயிருக்கா?"

7-11, வெள்ளி

கனமழை. தெரு முனையில் தண்ணீர் தேங்கி, எதிர்வீட்டு விசைத்தறிச் சத்தம் காலையிலிருந்து இல்லை. இந்த அமைதி பழக்கமில்லை.

வி. கேட்டாள்: "ஏரி எப்போ வரும்?"

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று தெரியும். 97-இல் கதையின் நடுவில் ஒரு பனி ஏரி. அங்கே செல்வி குனிந்தாள், மறைந்தாள். அதன்பின் கூட்டத்தில் அவள் இல்லை. ஏரிக்கு முன்னாலிருந்தே அவள் இடுப்பில் புதிதாக இரண்டு சிவப்புக் கட்டம் சேர்ந்திருந்தது. நெசவுப் பயிற்சி நிலையத்தில் முப்பது வருஷத்துக்குமேல் கிராஃப் தாளில் புடவை டிசைன் போடச் சொல்லிக்கொடுத்தவன் நான். நேர்க்கோட்டில் இரண்டு கட்டம் வெளியே தள்ளினால் வளைவு, உப்பல். மாங்காய்க்கு வயிறு அப்படித்தான் போடுவோம். ஆகவே நிச்சயமாகச் சொன்னேன்: செல்வி முழுகாமல் இருக்கிறாள், எல்லாரையும் கும்பிட்டுவிட்டுத் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போகிறாள்.

வி. அன்று பாயசம் வைத்தாள். மறுவாரம் வோல்டேஜ் ஏறிப் பெட்டி புகைந்துபோனது. என்ன குழந்தை என்று தெரியாமலே நின்றது.

எங்களுக்கு இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதுவதில்லை.

8-11, சனி

குழாயடியில் வி. எதிர்வீட்டு ராணியம்மாவிடம் பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"எங்க செல்வி மாசமாவப் போறா."

"யாரு, உங்க தம்பி பொண்ணா?"

"தம்பி கூடத்தான் சுத்திகினு இருக்கா."

"ஐயையோ! கல்யாணம்?"

"அதெல்லாம் கேக்கல."

உள்ளே வந்தவளிடம், திருத்திச் சொல்லிவிடலாமே என்றேன். தண்ணி வர்ற நேரத்தில் விளக்கம் சொல்ல முடியாதாம்.

9-11, ஞாயிறு

தூறல். மனசு சரியில்லை.

ஏரிக்கு முந்தின ஊரை அடைந்தோம். ஒரு சத்திரம், ஒரு கடை, ஒரு கோயில். கோயிலில் செல்வி பூசாரியிடம் தனியாகப் பேசினாள். படித்தேன். இரண்டு முறை படித்தேன். போன சண்டையில் விஷ அம்பு பட்டிருக்கிறது. வெளியே தெரியாமல் இடுப்பில் துணி கட்டியிருக்கிறாள். தனசேகருக்குச் சொல்லாதீர்கள், ஏரிக்கு அந்தப் பக்கம் நான் போகமாட்டேன் என்கிறாள்.

சிவப்புக் கட்டம் இரண்டும் வயிறு இல்லை. ரத்தம்.

"இன்னா சொல்றா?" என்றாள் வி.

"கால் வலிக்குதாம்."

"வீங்கியிருக்கும். அப்பிடித்தான் இருக்கும். குந்தச் சொல்லுங்க."

ஊர் நடுவில் இருந்த விளக்குத் தூணில் ஆட்டத்தை எழுதிவைத்துவிட்டு அணைத்தேன். மறுபடி திறந்தால் அங்கிருந்தே தொடரும். கண் வலி என்றேன். ஒரே நாளில் இரண்டு பொய்.

10-11, திங்கள்

வெயில். வடாம் போடலாமா என்று யோசித்து வி. போடவில்லை.

செல்வியை ஏரிக்குக் கூட்டிப்போகாமல் கதையை நகர்த்த முடியுமா என்று முறையாகச் சோதித்தேன்.

அவளைச் சத்திரத்தில் படுக்கவைத்துவிட்டு நாங்கள் மட்டும் போனோம். புல்வெளி வரை விட்டார்கள். ஏரி வாசலில் காவல்காரன் விடவில்லை.

இருக்கிற மூலிகை அத்தனையும் கொடுத்தோம். வாங்கிக்கொண்டாள். துணி கட்டியபடியே இருக்கிறது.

பூசாரியிடம் திரும்பத் திரும்பப் பேசினேன். அதே வாக்கியம்.

தனசேகருக்குப் போன். வி. மாடியில் இருந்தாள்.

"மாமா, அது கதை. அங்க எல்லாரும் அழுவாங்க. அதுக்குன்னே வாங்கறாங்க."

"வேற வழி இல்லியா?"

"இல்ல மாமா."

"எல்லாப் புதையல் பெட்டியும் தெறந்து பாத்தியா?"

"மாமா, உலகம் பூரா ஆடிப் பாத்துட்டாங்க."

உலகம் பூராவும் அவசரமாக ஆடியிருக்கலாம். ஆனால் நான் யார் சொல்ல?

12-11, புதன்

தூறல். நேற்றும் இன்றும் ஏரிப் பக்கமே போகவில்லை. புல்வெளியில் சளிப் பூதங்களை அடித்து மூலிகை சேர்த்தேன். ஒரு அடியில் சாகிறவை. அவற்றிடம் எனக்குப் பயமில்லை.

"இன்னும் எத்தினி நாள் புல்லு புடுங்கிகினு இருப்பீங்க?"

"பலம் ஏறணும் விசாலம்."

"அவ நெறமாசத்துல நிக்கிறா, நீங்க பலம் ஏத்திகினு இருக்கீங்க. ஜல்தி தாய்வீட்டுக்கு அனுப்ப வேணாமா?"

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வாய் திறந்தேன். கரண்ட் போனது. நன்றி சொல்லிக்கொண்டேன், யாருக்கு என்று தெரியவில்லை. நாளைக்குச் சொல்லலாம். அவள் டி.வி. மூலமாகத் தெரிந்துகொள்ளக் கூடாது. புதிய படம் மிகத் தெளிவு. என் விளக்கம் எதுவும் நிற்காது.

13-11, வியாழன்

காலையில் வங்கி. பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று நேரில் போய்க் காட்டும் மாதம். பெரிய கூட்டம். "சார் நீங்க இருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்டு, எனக்கும் ஒரு கணம் சந்தேகம். நனைந்துகொண்டே திரும்பினேன். வரும் வழியில் வாக்கியத்தைத் தயார் செய்தேன்: விசாலம், நீ பதறக் கூடாது.

வாசலிலேயே பாட்டு கேட்டது. விளையாட்டில் இதுவரை கேட்காத பாட்டு.

வி.க்கு ஒரு பித்தான்தான் தெரியும். அதை மட்டும் அழுத்தியே ஏரிவரை போயிருக்கிறாள். டி.வி.யில் பனி பெய்துகொண்டிருந்தது. பாதித் தனசேகர் மட்டும் கரையில் நின்றான்.

"செல்வி பூட்டா," என்றாள்.

குடையை மடக்கத் தோன்றவில்லை. வீட்டுக்குள் சொட்டியது.

"பிரசவமும் இல்ல, ஒண்ணுமில்ல. இடுப்புல ரத்தம். தண்ணிக்குள்ள அப்பிடியே..." நிறுத்தினாள். "அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல விசாலம். சத்தியமா. ரெண்டு கட்டம் வெளிய தள்ளியிருந்தது. வயிறுன்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமைதான் தெரியும்."

என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"முப்பது வருசம் இந்தக் கண்ண வெச்சிகினா டிசைன் போட்டீங்க? கல்யாணப் பொடவைல எல்லாம் மாங்கான்னு எதெதப் போட்டு அனுப்பனீங்களோ!"

சிரித்தாள். நிறுத்த முடியவில்லை அவளுக்கு. எனக்கும் வந்துவிட்டது. பிறகு அவள் சிரிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ராத்திரி சமைக்கவில்லை. பன்னும் பாலும்.

14-11, வெள்ளி

மழை விட்டிருக்கிறது.

வி. காலையிலேயே கேட்டாள்: "நீங்க எழுதி வெச்சது எந்த எடத்துல?"

"ஏரிக்கு முந்தின ஊரு."

"அதுல இருக்காளா?"

"இருக்கா."

"தெறங்க."

திறந்தேன். செல்வி கோயில் வாசலில் நின்று கண் இமைத்தாள். சத்திரத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள் வி. படுக்கவைத்தோம்.

"இங்கியே இருக்கட்டும். அந்தப் பக்கம் போவ வேணாம்."

"கதை நகராதே. அரக்கன் உலகத்தை அழிச்சிடுவானாம்."

"எப்போ?"

யோசித்தேன். அவன் கோட்டையில் காத்திருக்கிறான். நாம் போனால்தான் சண்டை. "நாம போகாட்டி வரமாட்டான்னு நெனைக்கிறேன்."

"அப்போ இன்னா அவசரம்?"

எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தேன், அவள் சொல்வதில் ஓட்டை இல்லை.

மதியம் தனசேகர் போன் செய்தான். வி. எடுத்தாள்.

"முடிக்கலடா. அவளுக்கு ஒடம்பு சரியில்ல, படுத்துகினு இருக்கா... எவ்ளோ நாளுன்னா? ஆவற வரைக்கும்."

16-11, ஞாயிறு

இளவெயில். துணி காய்ந்தது.

சத்திரக்காரன் தினமும் காலையில் வாடகை கேட்கிறான். கையிருப்பு தீர்ந்தது. புல்வெளிச் சளிப் பூதங்களால் கட்டுப்படியாகாது. மலைக்குப் போய் ஓநாய் அடிக்க வேண்டும். மருத்துவச்சி இல்லாமல், காயம் பட்டால் கட்டுப்போட ஆளில்லாமல். நாளைக்குப் போகட்டுமா என்றேன்.

"வூட்ல ஒருத்தி படுத்துகினு இருக்கா, சம்பாரிக்கிறவரு நாளைக்குன்றாரு. போய்ட்டு வாங்க. கதவ மெதுவா சாத்துங்க, தூங்கறா."

போனேன். இரண்டு முறை செத்தேன். மூன்றாம் முறை வாடகை சேர்ந்தது.