முழங்கால் போனபின் மைக் பிடித்தவனுக்கு

போன வாரம் மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர் கைபேசியை முன்னால் மாட்டி வைத்திருந்தார். அதில் கபடி ஓடியது, வர்ணனை கன்னடத்தில். ரெய்டு போனவனை மூன்று பேர் அமுக்கியும் அவன் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். வர்ணனையாளர் கத்தினார்: "உசிரு பிட்டில்லா நோடி!" மூச்சை விடவில்லை, பாருங்கள். குரல் யாரோ இளைஞனுடையது. வாக்கியம் உன்னுடையது.

"இத மொதல்ல சொன்னது யாருன்னு தெரியுமா?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

"எல்லாரும் சொல்றதுதானே சார்" என்றார். நான் திருத்தவில்லை. நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உன் பெயர் போய், சொல் மட்டும் தங்கிவிட்டது. உனக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்திலிருந்து நாம் இருவரும் ஒரே பஸ்ஸில் மைசூருக்கு வந்தோம். ஒரே அலுவலகம், விளையாட்டுக் கோட்டாவில் வேலை, ஒரே அறை. நீ ரெய்டர், நான் வலது மூலையில் நின்று பிடிப்பவன். உன் ஆட்டத்தைப் பற்றி இப்போது யாரிடமாவது சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். அதனால் ஒன்று மட்டும். எதிராளிக்கு முதுகைக் காட்டி நின்று, திரும்பாமலே காலால் தொட்டுவிட்டு வருவாய். அதை வேறு யாரும் செய்து நான் பார்க்கவில்லை.

இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு உனக்குக் கடிதம் வந்த மாதத்தில்தான் முழங்கால் போனது. சாதாரண லீக் ஆட்டம். நாலு பேர் உன்மேல் விழுந்தார்கள். அவர்கள் எழுந்தார்கள், நீ எழவில்லை. இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர், "நடக்கலாம், மாடி ஏறலாம்" என்றார். வேறு எதையும் சொல்லாததிலிருந்து புரிந்துகொண்டாய். உனக்கு அப்போது இருபத்தாறு வயது.

ஒரு வருடம் மைதானத்துப் பக்கமே நீ வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு காலை தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட் பக்கத்து டீக்கடை வாசலில் உன்னைப் பார்த்தேன். சுமை தூக்குகிறவர்களைப் பார்த்துத் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாய். "வாழைத்தார் இடது பக்கமா உள்ள வருது. எதுக்க வெங்காய மூட்டை. விலகுறான், விலகுறான், தப்பிச்சுட்டான்!" எனக்குப் பயமாக இருந்தது. தோளைத் தொட்டேன்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகல மாப்ளே. கேபிள் சேனல்ல கபடி வர்ணனைக்கு ஆள் தேடறாங்க. பழகிப் பாக்கறேன்."

முதல் ஒளிபரப்புக்குப் பின் சேனலுக்கு வந்த அழைப்புகளில் பாதி உன் கன்னடத்தைத் திட்டியவை. தமிழ் வாடை அடிக்கிறதாம். நான் கோபப்பட்டேன். நீ, "அவங்க சொல்றது நெசந்தானே" என்றாய். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த உன் மனைவி செல்வியின் கன்னடம் சுத்தமானது. தினமும் காலையில் அவள் முன் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தாய். தப்பு வந்தால் உன் தொடையில் ஒரு தட்டு. "எனக்குப் பயிற்சியாளரு பரவால்லடா, இவ ரொம்பக் கண்டிப்பு" என்பாய். இரண்டு வருடத்தில் மாவட்டம் முழுக்க உன் குரலைத் தெரிந்துவைத்திருந்தது. ஆடியபோது உன்னைத் தெரிந்தவர்களைவிட அது பல மடங்கு.

இனி சொல்ல வேண்டியது நம் இருவர் விஷயம்.

என் கடைசி ஆட்டம், மாநில இறுதிப் போட்டி. மைக்கில் நீ. நாங்கள் ஒரு புள்ளி முன்னால். எதிரணியின் கடைசி ரெய்டு. வந்தவன் காலை வீசினான். அவன் கால்விரல் நுனி என் கெண்டைக்காலை உரசியது. பட்டுவிட்டு அவன் திரும்பிப் போனால் நான் அவுட், அவர்களுக்கு ஒரு புள்ளி, ஆட்டம் சமன். அவன் திரும்பிப் போய் விரலை உயர்த்தினான். நான் இரண்டு கையையும் தூக்கி, படவில்லை என்று நின்றேன். நடுவர் என் பக்கம் தீர்ப்பு சொன்னார். கோப்பை எங்களுக்கு. என்னைத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள்.

வீட்டுக்குப் போனதும் என் மகள் கேட்டாள்: "அப்பா, மாமா டீவில நீங்க பொய் சொன்னதா சொன்னாரே, ஏன்?"

நீ அப்படிச் சொல்லவில்லை. நீ சொன்னது: "முட்டிதெ. அவனிகே கொத்து." பட்டது, அவனுக்கே தெரியும். ஆனால் மகள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் உன் வீட்டு வாசலிலேயே கத்தினேன். "கேமராவுலயே தெரியல. நடுவருக்குத் தெரியல. நீ எதுக்குடா சொன்னே? நீ என் ஆளா, அவங்க ஆளா?"

நீ குரலை உயர்த்தவில்லை. "பள்ளிக்கூடத்துலேர்ந்து பன்னெண்டு வருசம் உன் பக்கத்துல நின்னவன் நான். மேல பட்டா உன் குதிகால் தானா பின்னால போகும். நேத்துப் போச்சு. பாத்தேன், சொன்னேன்."

"பாக்காத மாதிரி இருந்திருக்கலாம்ல?"

"அப்புறம் அந்த மைக் எனக்கு எதுக்கு மாப்ளே?"

இரண்டு வருடம் உன்னோடு பேசவில்லை. தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனேன். செல்வி மட்டும் பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவாள். நான் டப்பாவைக் கழுவித் திருப்பி அனுப்புவேன்.

பிறகு ஒருநாள் நீயே வந்தாய். சமாதானம் பேசவில்லை. "சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கூட உக்கார ஆளில்ல. வர்றியா?" என்றாய். வந்தேன். முதல் பாதி முழுக்க ஊமையாக உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பாதியில் ஒரு ரெய்டு. மூலையில் நின்றவன் கையைத் தூக்கினான், படவில்லை என்று. நீ மைக்கை என் பக்கம் நகர்த்தி, "மூலையில ஆடினவரு சொல்லட்டும், பட்டுச்சா இல்லையா?" என்று கன்னடத்தில் கேட்டாய்.

நீ திட்டம் போட்டுக் கேட்டாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதும் இல்லை.

"பட்டது" என்றேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இப்படி நிக்கறவன் மனசுல என்ன ஓடும்னு எனக்குத் தெரியும். ரெண்டு வருசம் முன்னால இறுதிப் போட்டியில எனக்கும் பட்டது. நான் கையைத் தூக்கினேன்."

நீ மைக்கை இழுத்து அடுத்த ரெய்டரின் பெயரைச் சொன்னாய்.

அலுவலகத்தில் இரண்டு மாதம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. சுவரில் இருந்த, கோப்பையோடு எடுத்த அணிப் படத்தை யாரோ கழற்றினார்கள். அந்த இறுதிப் போட்டியில் தோற்ற ரெய்டர் கொள்ளேகாலிலிருந்து கூப்பிட்டு, "இப்பவாச்சும் சொன்னீங்களே அண்ணா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். நீ? ஒளிபரப்பு முடிந்து வெளியே வந்து டீ குடிக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னாய். "உன் கன்னடம் என்னுதைவிட மோசம்டா." இருவரும் சிரித்தோம். அந்த விஷயத்தை அதற்குப் பிறகு நாம் பேசவே இல்லை.

அதன்பின் நாலு வருடம் கிடைத்தது. ஒரு காலை உன் மூளையில் ரத்தம் கசிந்தது. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தாய். பேச்சு வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலுக்குக் கீழே தெரிந்ததை எல்லாம் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் பின்னால் வருகிறது, இளநீர் வண்டிக்காரர் விலகுகிறார். கேட்டதா என்று தெரியாது.

சேனலில் உன் நாற்காலிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. எனக்கு அந்த வேகம் கிடையாது. ஆனால் எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் என் உதடு அசைகிறது என்கிறாள் மகள். யாருக்கும் கேட்காது. யார் அணி என்று பார்ப்பதில்லை. பட்டால் பட்டது என்கிறேன். படாவிட்டால் படவில்லை.