ஸ்பிரிங் மாற்றிய தேதி

3-6-1999

அன்புள்ள ஃபிட்டர் மச்சானுக்கு,

முட்டிவலி தேவலையா? மகன் வீட்டுக்குப் போனவன் இரண்டு வரி எழுதக் கூடாதா? இடது கையால் கிறுக்குகிற நானே எழுதுகிறேன்.

நம் கம்பெனியை மூடுகிறார்கள். ஸ்டோர் சாவி இன்னும் என்னிடம்தான். என் நாலு விரலைத் தின்ற பழைய பவர் பிரஸ்ஸை, அந்தத் தகடு வெட்டும் மெஷினை, ஒருவர் வாங்கியிருக்கிறார். "மேனுவல் இல்லாம மெஷின்ல கை வைக்க மாட்டேன்" என்கிறார். அலமாரி முழுக்கத் தேடிவிட்டேன். அந்த மெஷினைப் பழுது பார்த்தவன் நீதானே, உன்னிடம் இருக்கிறதா? "மெஷின் மேல குத்தம் இல்ல சார், நான்தான் பெடலை ரெண்டாவது தடவை மிதிச்சுட்டேன்" என்று அவரிடம் சொல்லியும் கேட்கவில்லை.

உன் பிரஸ்காரன்

12-6-1999

மச்சான்,

மேனுவலைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக என் பெட்டிக்கு அடியில்தான் கிடந்தது.

கடைசிப் பக்கத்தைப் பார். கிளட்ச் ஸ்பிரிங் மாற்றியதாகத் தேதி போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன். மாற்றவில்லை. புதுசு வரட்டும் என்று பழையதையே மாட்டினேன். ஸ்பிரிங் தளர்ந்தால் பெடலைத் தொடாமலே பிரஸ் மறுபடி இறங்கும் என்று அதே புத்தகத்தில் போட்டிருக்கிறது. உன் விரல் போன அன்றைக்கு அப்படித்தான் இறங்கியது. நீ மிதிக்கவில்லை.

விசாரணையில் "அவன் காலுதான் தவறியிருக்கும்" என்று முதலில் சொன்னவனும் நான்தான். வேலை போய்விடும் என்று பயம். அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட எத்தனையோ தடவை எடுத்தேன், மனசு வரவில்லை. சொல்லவும் வரவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது.

உன் ஃபிட்டர்

25-6-1999

ஃபிட்டருக்கு,

மேனுவல் வந்தது. வாங்கியவரிடம் கொடுத்து, முதல் வேலையாக ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் எனக்குச் சோறு ஊட்டியவன் நீ. அதனால் திட்ட வாய் வரவில்லை.

விரலுக்காக அழுது முடித்து வெகுகாலம் ஆகிறது. ஆனால் அன்றிலிருந்து நான் என் உடம்பை நம்பவில்லை. எங்கே கவனம் பிசகிக் கீழே போட்டுவிடுவேனோ என்று, அப்போது ஆறு மாதக் குழந்தையாக இருந்த என் மகளைத் தூக்கவே இல்லை. கையை நீட்டிக்கொண்டு வருவாள். "அம்மாகிட்ட போ" என்பேன். அப்படியே வளர்ந்துவிட்டாள்.

நேற்று உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளைத் தூக்காமலே இருந்த காரணத்தையும் சொன்னேன். அவள் கேட்டாள்: "அப்போ, என்னைப் பிடிக்காததால இல்லையாப்பா?"

இதற்கு உன்னால் என்ன பதில் எழுதிவிட முடியும்? எழுத வேண்டாம்.

பிரஸ்காரன்