மூக்கைத் தவிர எல்லாம் நலம்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், என் மூக்கைத் தவிர என்று சேர்த்து எழுதச் சொல்லிவிட்டு உன் அப்பா சிரிக்கிறார், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு என்கிறான், அவனுடைய நாளை என்றைக்கு விடியுமோ.

போனில் நீ முழுதாகக் கேட்காத கதையை இப்போதாவது கேள். எங்கள் பற்பசைக் கம்பெனிக்குப் புதினா வாசனைக்காகக் கார்வோன் ஒரு டிரம் புது இடத்திலிருந்து வந்தது, மூடியைத் திறந்ததுமே எனக்குச் சீரக வாடை அடித்தது. கார்வோனுக்கு இடக்கை வலக்கை மாதிரி இரண்டு உருவம் உண்டு, ஒன்று புதினா மணக்கும், மற்றது சீரகம் மாதிரி அடிக்கும், சரக்கு மாறி வந்திருக்கிறது என்றேன். மேனேஜர், ஃபார்முலா ஒண்ணு, எடை ஒண்ணு, கொதிக்கிற சூடும் ஒண்ணு, உங்க மூக்குதான் மேடம் வேறயா இருக்கு என்கிறார். ரெண்டும் செருப்புதானே என்று அவர் இடது செருப்பை வலது காலில் போட்டுக்கொண்டு நடக்கட்டுமே பார்ப்போம்! ஒளி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும் போலாரிமீட்டரில் வைத்தால் ஒரு நொடியில் குட்டு உடையும், அதுவோ ரிப்பேருக்குப் போய் மாதக்கணக்காகிறது. அது வரும்வரை பொறுங்கள் என்று நான் சொன்னதற்கு, வாசனை பார்க்கும் அறையிலிருந்தே என்னை எடுத்து லேபிள் ஒட்டும் பகுதியில் உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அந்த டிரம்மைக் கலவையில் ஊற்றப்போகிறார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், நீ சொன்னதுதான் தாங்கவில்லை. காய்ச்சல் வந்துட்டுப் போனதுலேர்ந்து உனக்கு மூக்கு சரியில்லம்மா, டாக்டரைப் பாரு என்றாயே, வேதியியல் படித்த பிள்ளை பேசுகிற பேச்சா அது? ஆத்திரமாக வருகிறது. பழைய சரக்கிலும் புதுச் சரக்கிலும் கொஞ்சம் சீசாவில் எடுத்துவந்து உன் அப்பாவிடம் நீட்டினேன், ரெண்டும் மருந்து வாடை என்கிறார், அந்த மனிதருக்குக் கருகினாலும் தெரியாது.

இத்துடன் அந்த இரண்டு சீசாவையும் அனுப்பியிருக்கிறேன், ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் நீல நூல், எதில் எது என்று சொல்லமாட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு அன்றைக்கே போன் செய். அம்மா வருத்தப்படுவாளே என்று பார்க்காதே, இரண்டும் ஒரே வாசனை என்றால் அப்படியே சொல், டாக்டரைப் பார்க்கிறேன். இரவில் படுத்தால் எனக்கே சந்தேகம் வருகிறதடா.

தீர்க்காயுசாக இரு. சளி பிடித்திருந்தால் குணமான பிறகு முகர்ந்து பார்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா